இடியன் யோசிக்கும் நேரம்

சமையலறைச் சுவரில், ஹீட்டருக்குப் பக்கத்தில், மறுபடியும் அந்த ஈரம் ஊறியிருந்தது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மெலிந்து, நேராக, யாரோ சாய்த்து வைத்துவிட்டு எடுத்துப்போன பொருளின் தடம். பரமேஸ்வரன் ஷிப்ட் முடிந்து வந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைத் துணியால் துடைத்தான். எண்பத்தேழு தை மாதம். வட லண்டன் எட்மண்டனில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோகிற குளிர். எந்த வீட்டுச் சுவர்தான் நனையவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் அருகே சுவர் காய்ந்து போகவேண்டுமே தவிர நனையக் கூடாது. துணியை மூக்கருகே கொண்டுபோனான். கரியும் அழுகிய முட்டையும் கலந்த மணம். வெடித்த துவக்கின் மணம்.

அந்த வீட்டில் இப்போது துவக்கு இல்லை. போன வருஷமே பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

அது இடியன் துவக்கு. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். முல்லைத்தீவில் அப்படியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு காடு காடாகத் திரிந்தவன் பாலேந்திரா. மனைவி கலாவதியின் மாமன் மகன். அகதியாக லண்டனில் வந்து இறங்கியவனுக்குக் கலாவதி மேலறையை ஒதுக்கிக் கொடுத்தாள். பரமேஸ்வரனும் தலையாட்டினான், மனைவியின் சொந்தக்காரனைத் தெருவில் விடவா முடியும்? வந்தவன் நகரத்தின் வடக்கு விளிம்பில் ஒரு பண்ணையில் வேலை தேடிக்கொண்டான், அங்கே முயல் சுட அனுமதியும் வாங்கிக்கொண்டான். இந்த நாட்டிலும் இடியன் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அவனே. லைசென்ஸ் மட்டும் பரமேஸ்வரன் பெயரில்.

வீடும் அவன் பெயரில்தான் இருந்தது. பெண்டாட்டியும் அவன் பெயரில்தான். ஆனால் துவக்கு பாலேந்திரா தொட்டால்தான் வெடித்தது, கலாவதி பாலேந்திரா வாய் திறந்தால்தான் சிரித்தாள். தொண்டைக்குள்ளிருந்து பொங்கி, நடுவில் மூச்சு முட்டி, மறுபடி பொங்குகிற சிரிப்பு. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பரமேஸ்வரனுக்கு அது ஒருதரமும் கிடைத்ததில்லை. பெற்றோல் மணக்கும் கையோடு அவன் வாசலில் சாவியைத் திருப்பும்போது உள்ளே கேட்கும். அவன் காலடி கேட்டதும் நின்றுவிடும். அப்படி நின்றுபோவதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. விடியப் பண்ணைக்குப் போவதற்காகப் பாலேந்திரா சாயந்தரமே துவக்கில் மருந்தை இடித்து வைத்தான், வன்னிக்காரர் பழக்கம் அது. மருந்துக்குப் பொறி கொடுக்க மேலே பொருத்தும் சின்ன மூடியை, அந்தக் 'கேப்'பை, மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துவக்கைப் பின்வளவு ஷெட்டில் பனிக்குள் நிறுத்தினான்.

"ஏன் அங்க? ஊரில அடுப்புக்கு மேலதானே கட்டித் தொங்கவிடுவியள்?" என்று பரமேஸ்வரன் கேட்டான்.

"அது ஊரில அண்ணை. அங்க ஈரம் மழையோட வரும், நெருப்பு காயவைக்கும். இங்க குளிரில நிண்ட இரும்பைச் சூட்டுக்குள்ள கொண்டந்தால் வேர்க்கும். உள்ளுக்கை மருந்து நனையும். வெடிக்காது. இல்லாட்டி யோசிச்சு வெடிக்கும்."

"யோசிச்சோ?"

"ஓம். டிக் எண்டும், ஒண்டும் நடவாது. துவக்கின்ர வாயை முன்னுக்குப் பிடிச்சபடி அசையாம நிக்க வேணும். எப்ப யோசிச்சு முடிக்கும் எண்டு அதுக்குத்தான் தெரியும்."

அடுப்படியில் நின்ற கலாவதி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "நாளைக்கு நானும் வாறன் மச்சான், யோசிக்கிற துவக்கை நானும் ஒருக்காப் பாக்க வேணும்."

எல்லோரும் படுத்தபின் பரமேஸ்வரன் துவக்கை உள்ளே தூக்கிவந்து ஹீட்டருக்கு அருகே சுவரில் சாய்த்தான். இரும்பு மெல்ல மெல்ல வேர்த்ததை நாற்காலி போட்டு இருந்து பார்த்தான். விடிவதற்குள் துடைத்துத் திரும்ப ஷெட்டில் வைத்தான். கொல்லவேண்டுமென்று அவன் நினைக்கவேயில்லை. கலாவதி முன்னால் பாலேந்திரா மூக்குடைபட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

விடிந்ததும் மூவருமாகப் போனார்கள். பண்ணை வரப்பில் துவக்கு டிக் என்றது. முயல் ஓடியது. பாலேந்திரா வாயை முன்னுக்குப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"எவ்வளவு நேரம் நிப்பாய்? உன்ர மச்சாளுக்குக் கால் விறைக்குது," என்று பரமேஸ்வரன் சிரித்தான்.

கலாவதி சிரிக்கவில்லை. பாலேந்திராவுக்குத்தான் வெட்கமாகிவிட்டது. துவக்கை நிலத்தில் ஊன்றி, மருந்தைக் கிளறி எடுக்க அதன் வாய்க்கு மேலே குனிந்தான். அப்போதுதான் அது யோசித்து முடித்தது.

விபத்து என்று எழுதினார்கள். ஹீட்டர் பக்கத்துத் தடத்தைக் கண்டு கலாவதி ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "துவக்கை ஆர் உள்ளுக்குக் கொண்டந்தது?" ஊர்ப் பழக்கத்தில் அவனேதான் அடுப்படியில் கொண்டுவந்து வைத்திருந்தான் என்று பரமேஸ்வரன் சொன்னான். "மச்சானுக்குத் தெரியாததே?" என்றாள். அதற்குப்பின் அதைப் பற்றி அவள் பேசவில்லை, சிரிக்கவுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மேலறையைக் கூட்டித் துடைத்து, செத்தவனின் படுக்கை விரிப்பை மாற்றினாள். செத்தும் அந்த அறை அவனுக்குத்தான். உண்மை தெரிந்தால் அவள் ஒரு நாள்கூடத் தன்னோடு இருக்க மாட்டாள் என்று பரமேஸ்வரனுக்குத் தெரியும். அந்தப் பயம் ஒரு பக்கம். செத்தவன் மேலேயே இன்னும் எரிச்சல் அடங்காத வெட்கம் மறுபக்கம்.

துணியைக் குப்பையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தான். நாலரை மணிக்கே வெளியே கும்மிருட்டு. கலாவதி தையல் ஃபாக்டரியிலிருந்து வர இன்னும் நேரம் கிடந்தது. உறைபனிக்குள் தெரு சத்தமே இல்லாமல் கிடக்க, வீட்டுக் குழாய்கள் மட்டும் உள்ளுக்குள் முனகின, ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி பூத்துக்கொண்டு வந்தது, போர்வைக்குள்ளும் அந்தக் கரிமணம் வந்து படுத்தது. கீழே பின்கதவு திறந்தது போலிருந்தது. ஷெட்டுப் பக்கக் கதவு. ஈரச் சப்பாத்து ஒன்று தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். பிறகு தேநீர்க் கோப்பை மேசையில் படும் சத்தம்.

பிறகு சிரிப்பு.

தொண்டைக்குள்ளிருந்து பொங்கி, மூச்சு முட்டி, மறுபடி பொங்கியது. கலாவதியின் சிரிப்பு. ஒரு வருஷத்துக்குப் பிறகு.

எழுந்திருக்காதே என்றது அவன் உடம்பு முழுவதும். ஆனால் அவள் யாரோடோ சிரிக்கிறாள். நேரத்தோடு வந்து, அவனுக்குத் தெரியாமல், யாரோடோ. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. இறங்கினான்.

படி. இன்னொரு படி. சிரிப்பு நிற்கவில்லை. அவன் காலடி கேட்டும் நிற்கவில்லை.

கீழே நடைவழி. ஒரு முனையில் வாசற்கதவு, மறுமுனையில் சமையலறை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. விளக்கு இல்லை. தெருவிளக்கின் மஞ்சள் மட்டும். அந்தக் கதவடியில் போய் நின்றான்.

சிரிப்பு நின்றது.

கலாவதி அங்கே இல்லை.

ஹீட்டர் பக்கத்தில் ஒருவன் நின்றான். பண்ணைச் சப்பாத்து. அதில் பனி. பச்சைக் கோட்டு. கழுத்துப்பட்டிக்கு மேலே பார்க்கப் பரமேஸ்வரனுக்குத் துணிவு வரவில்லை. கையில் துவக்கு. நீளக் குழாய் முழுவதும் வேர்த்து, சொட்டுச் சொட்டாக வழிந்தது. அதன் வாய் பரமேஸ்வரனின் நெஞ்சுக்கு நேரே.

டிக்.

ஒன்றும் நடக்கவில்லை.

அசையவும் முடியவில்லை. பின்னால் வாசற்கதவில் சாவி திரும்பியது. குளிர் முதுகில் வந்து அறைந்தது.

"என்னப்பா, ஏன் இருட்டுக்குள்ள நிக்கிறியள்?" கலாவதியின் குரல். காலடி நெருங்கிவந்து முதுகுக்குப் பின்னால் நின்றது.

துவக்கின் வாய். அவன் நெஞ்சு. அவள். ஒரே நேர்கோடு. விலகினால் அவளுக்கு. விலக மாட்டேன் என்றுதான் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான்.

அவள் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மச்சான்?"

பயமே இல்லாத குரல். சந்தோஷத்தில் உடைந்த குரல். அதன் பின்னாலேயே அந்தச் சிரிப்பு, அவன் காதோரத்தில், அவன் தோளைத் தாண்டி, அவனுக்கு இல்லாமல்.

பரமேஸ்வரனின் கால் ஓரடி விலகியது.

கலாவதி பையைக் கீழே போட்டுவிட்டு, சிரித்தபடி, அவனைத் தாண்டி நேரே நடந்தாள். துவக்கின் வாய் விலகவில்லை. கேப் இருந்த இடத்திலிருந்து நூல்போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.