கைராசி கை வைத்த வண்டி

"ஐயோ... அப்பா!"

பேக்கரி முதலாளியின் மகள் போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

கார் ஷெட்டில் பிக்கப் வண்டி. டிரைவர் சீட்டில் முதலாளி. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மூச்சு இல்லை!

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கியதும் முதல் கேள்வி கேட்டார்.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் மேடம்." மருமகன் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணீர் இருந்ததா என்று கேட்காதீர்கள். கர்ச்சீப் இருந்தது. "மாமா நேத்துதான் வண்டியை கேஸுக்கு மாத்திட்டு வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்! ராத்திரி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பாட்டு கேட்டுட்டிருந்தார். காலைல வந்து கதவைத் திறக்கறேன்... குப்புன்னு கேஸ் நாத்தம்! பின்னாடி சிலிண்டர் புஸ்ஸுன்னு சத்தம் போடுது. மூக்கைப் பொத்திக்கிட்டு நான்தான் வால்வை மூடினேன்..."

"வண்டியை மாத்தினது யாரு?"

"கைராசி!"

கைராசி... பெட்ரோல் வண்டியை கேஸ் வண்டியாக்குவதில் பேர் போன மெக்கானிக். பேர் எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது!

கான்ஸ்டபிள் அவனைக் கிரீஸ் பனியனோடு அள்ளிக்கொண்டு வந்தார்.

மகள் பாய்ந்தாள். "பாவி! எங்கப்பாவைக் கொன்னுட்டியே! ஒரு பொட்டுகூட கசியாதுன்னு சொல்லித்தானே வண்டியைக் கொடுத்தே?"

கைராசி ஓரடி பின்வாங்கினான்.

"கசியற சிலிண்டரை மாட்டி ஒரு உயிரை எடுத்திருக்க," என்றார் இன்ஸ்பெக்டர். "வருஷக்கணக்கா உள்ளே இருக்கணும். உன் ஒர்க் ஷாப்புக்கு இன்னைக்கே சீல். என்ன சொல்ற?"

கைராசி பிக்கப்பைப் பார்த்தான். கான்ஸ்டபிள் கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் கொலைப்பழி போகும். கூடவே பிழைப்பும் போகும். இனிமேல் ஒரு சைக்கிளைக்கூட அவனை நம்பி யாரும் விட மாட்டார்கள்! சொல்லாவிட்டால்... ஆளே போச்சு! பயத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேடம்... அது கசியாது."

"எல்லா மெக்கானிக்கும் சொல்றதுதான்."

"சத்தியமா கசியாது மேடம்! ஏன்னா..."

"ஏன்னா?"

"உள்ளே கேஸே இல்லை!"

எல்லாத் தலையும் சிலிண்டர் பக்கம் திரும்பியது.

"ரெகுலேட்டர் வரலை மேடம். முதலாளியோ தினமும் போன்ல கத்தறார். இன்னைக்கு வண்டி வரலைன்னா தோலை உரிச்சிடுவேன்னார். அதான்... காலி சிலிண்டரை போல்ட் போட்டு மாட்டிட்டேன். டாஷ்போர்டுல பந்தாவா ஒரு பச்சை பல்பு! பார்ட் வந்ததும், சர்வீஸுன்னு சொல்லி வண்டியை வாங்கி மிச்ச வேலையை முடிச்சிடலாம்னு... அதுவரைக்கும் பெட்ரோல்லதான் ஓடும்!"

இன்ஸ்பெக்டர் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். சிலிண்டரிலிருந்து கிளம்பிய குழாய், ஒரு ஜாண் வந்து அம்போவென்று தொங்கியது. முனையில் கந்தல் துணி அடைப்பு! வால்வைத் திருகித் திறந்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். "சார்... குப்புன்னு என்ன நாத்தம் வந்துச்சுன்னு சொன்னீங்க?"

மருமகன் முகம் வெளுத்தது. "அது... பதட்டத்துல... பெட்ரோலா இருக்கும்..."

"புஸ்ஸுன்னு சத்தம்?"

மருமகன் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தான்.

மகள் மெல்லத் திரும்பினாள். "நேத்து ராத்திரி அப்பா உங்களை இனிமே பேக்கரி பக்கமே வராதேன்னு திட்டினார். நீங்க தலையணையைத் தூக்கிட்டு வெளியே போனீங்க. கோவிச்சுக்கிட்டு ஹால்ல படுக்கப் போறீங்கன்னு நினைச்சேன்... அந்தத் தலையணை எங்கேங்க?"

அவன் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு ஓடினான்! வாசலில் கான்ஸ்டபிள் நீட்டிய காலில் தடுக்கிக் குப்புற விழுந்தான்.

"தலையணையால அமுக்கிட்டு, பழியை சிலிண்டர் மேல போடப் பார்த்தியா?" இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

மகள் சுவரில் சாய்ந்து கதறினாள். அப்பாவும் இல்லை. கட்டினவனும் இல்லை.

கைராசி நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்கே போற?"

"அதான் கொலைகாரன் கிடைச்சுட்டானே மேடம்..."

"காலி சிலிண்டரைக் காட்டி ஏமாத்தினதுக்கு உனக்கு மாலை போடுவாங்களா? ஏறு ஜீப்ல!"

பின்சீட்டில் மருமகன். பக்கத்தில் கைராசி. டிரைவர் சாவியைத் திருகினார்.

கர்... கர்... கர்ர்ர்...

அவ்வளவுதான்!

"என்னய்யா ஆச்சு?"

"பெட்ரோல் சுத்தமா தீர்ந்துபோச்சு மேடம். ஆனா கேஸ் ஃபுல்லா இருக்குன்னு முள்ளு காட்டுதே! நேத்துதானே ஜீப்பை கேஸுக்கு மாத்திட்டு வந்தோம்..."

"எங்கே மாத்தினீங்க?"

டிரைவர் மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

கைராசி தன் கால் கட்டைவிரலை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. கொலைகாரன் இடது பக்கம்... கைராசி வலது பக்கம். ம்... ஸ்டேஷன் வரைக்கும் தள்ளுங்கய்யா!"