பின்சீட்டையும் சேர்த்துத் தானம்

காலை பதினொரு மணிக்குப் பல் டாக்டரின் கறுப்புக் கார் இல்லத்து கேட்டுக்குள் நுழைந்தது. கார் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், கப்பல். அதன் மூக்கு நுழைந்து வால் நுழைவதற்குள் வாட்ச்மேன் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டார்.

நடக்க முடியாமல், கேட்பாரற்றுக் கிடப்பவர்களைத் தூக்கி வந்து பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். பழைய வேன் கேட்டவர்களுக்கு டாக்டர் கப்பலையே ஓட்டி வந்துவிட்டார். ஊரே அவரை வள்ளல் என்றது.

வள்ளல் தொலைக்க வந்தது காரை அல்ல.

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய புது கிளினிக் திறப்பு விழா. அம்மா இல்லாத அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. கிளினிக் வாசலிலோ முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கும் பெண்ணின் படம், பத்தடி உயரத்துக்கு. அதன் கீழே கோணல் வாயோடு அக்காவா? “அஞ்சு நிமிஷம்க்கா, வந்துடறேன்” என்று பின்சீட்டில் விட்டுக் கதவைப் பூட்டினார். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. வெளியே தார் உருகுகிற வெயில். கிளினிக்குக்குள் டாக்டர் மூன்று மணி நேரம் கை குலுக்கினார்.

அக்காவுக்கு மாரடைப்பு என்று சொன்னார். ஊர் நம்பியது. பல் டாக்டரின் பொய்கூடப் பளிச்சென்றுதானே இருக்கும்.

கார் நம்பவில்லை. பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் தினமும் ஒரு ஈரக் கைத்தடம். துடைத்துத் துடைத்தே டாக்டரின் வலது கை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. காரை விலைக்கு வாங்க வந்த ஏழு பேர் பின்கதவைத் திறந்தார்கள். ஏழு பேருக்கும் திடீரென்று வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

கடைசியில் மிச்சமிருந்தது தானம்தான். இன்றோடு விட்டது தொல்லை.

இல்லத்து அலுவலகத்தில் பினாயில் வாசனை. டாக்டர் குஷியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியைப் பார்க்கப் போன நர்ஸ் இடுப்பில் கைவைத்தபடி திரும்பி வந்தாள்.

“என்ன சார், அக்காவை இந்த வெயில்ல உக்கார வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க?”

பேனா நின்றது.

“எ... எந்த அக்கா?”

“பின்சீட்ல இருக்காங்களே. அப்படியே உங்க ஜாடை. அவங்களை இறக்கிட்டு சாவி குடுங்க.”

டாக்டர் கார் வரைக்கும் எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. ஆனால் தோல் இருக்கையில், ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு பள்ளம்.

அடுப்பைத் திறந்ததுபோல் உள்ளிருந்து அனல் அடித்தது.

“அவங்க செத்து மூணு மாசம் ஆச்சும்மா” என்று கிசுகிசுத்தார்.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்க கொண்டுவந்து தள்ளப் பாக்கற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார். எங்களுக்கு அவ செத்த மாதிரின்னு. அவங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போதே சொன்ன ஆள் நீங்கதான்.”

பயத்திலும் டாக்டருக்கு மூளை வேலை செய்தது. கெட்ட மூளை எந்தச் சூட்டிலும் வேலை செய்யும். “அப்ப... அவங்களும் இங்கேயே இருக்கட்டுமே. வண்டியோட சேர்த்து.”

“யாருமே இல்லாதவங்களைத்தான் சேர்ப்போம். அவங்ககிட்டயே கேட்டுட்டேன். தம்பி இருக்கான்னாங்க.” நர்ஸின் குரல் குழைந்தது. “பேச்சு சரியா வரலை, பாவம். அதைச் சொல்லும்போது மட்டும் அவ்வளவு பெருமை.”

டாக்டர் ஓடப் பார்த்தார். நர்ஸ் வழியை மறித்தாள்.

“டேய் பயில்வான், அக்காவைத் தூக்கு. எடது கைக்கு உசுரில்லை, பாத்துப் பிடி.”

நாற்பது நோயாளிகளைத் தினமும் தூக்கிப் பழகிய இல்லத்து வேலையாள் பயில்வான் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

இருக்கையின் பள்ளம் மெல்ல மேலெழும்பியது.

“சக்கர நாற்காலி ஒண்ணு...” டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“இருக்கறதே ஆறு. வெளிய குடுக்கறதில்லை. முதுகு இருக்குல்ல சார் உங்களுக்கு? குனிங்க.”

குனிந்தார்.

பாரம் இறங்கியது. ஒரு கை அவர் கழுத்தை இறுக்கிச் சுற்றிக்கொண்டது. இன்னொன்று துணிபோல அவர் மார்பில் தொங்கி ஆடியது.

“கெட்டியாப் புடிச்சுக்கோங்கக்கா” என்றாள் நர்ஸ். சாவியை வாங்கிக்கொண்டாள்.

கார் இப்போது சமர்த்தாக ஓடுகிறது. கண்ணாடியில் ஒரு தடம்கூட இல்லை. டாக்டரும் தினமும் கிளினிக் போய்வருகிறார், கொஞ்சம் கூன் போட்டுக்கொண்டு. வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். அன்றிலிருந்து அவர் குப்புறத்தான் படுக்கிறார். மல்லாந்து படுத்தால் அக்காவுக்கு மூச்சு முட்டுகிறதாம். முட்டினால், கழுத்தைச் சுற்றிய கை இறுகுகிறதாம்.