நாலாவது பிளக்

மூன்று நாளாக ஓடாத வண்டி. ஆனால் இன்ஜினின் நாலாவது ஸ்பார்க் பிளக் வெதுவெதுப்பாக இருந்தது.

மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் மூன்றையும், எது எந்தக் குழியில் இருந்தது என்று மாறிப்போகாமல், பழைய துணியில் வரிசையாக அடுக்கியிருந்தார். மூன்றும் சில்லிட்டுக் கிடந்தன. முனை செங்கல்பொடி நிறம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளக்கைப் பார்த்தால் இன்ஜினின் வயிறு தெரியும் என்பது அவர் கணக்கு. நாலாவதன் முனையில் கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஈரம். முகர்ந்தார். பெட்ரோல் வாடை வரவில்லை. காய்ச்சல்காரர் வாய் வாடை.

தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஷெட்டுக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அதற்கப்பால் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். இந்த வண்டி வந்த அன்று பிடித்த இழுப்பு, மருந்துக்கும் அடங்கவில்லை, மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூச்சை இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது ஒரு கரகரப்பு. அந்தச் சத்தம் காதில் விழுகிறவரை அவருக்குக் கை ஓடியது.

"இவ்வளவு நேரம் மோந்து பாக்க அதென்ன பூவா மாமா?" என்றான் டிங்கர். மனைவியின் தம்பி. பக்கத்து வண்டிக் கதவின் ஒடுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாரு. சுடுது."

"உங்க கைச்சூடுதான். மூணு நாளாத் தூங்கல நீங்க."

இருக்கலாம். குழியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கிராங்கைச் சுற்றச் சொன்னால், காற்று விரலைத் தள்ளும். தள்ளுகிற வேகத்தில் கம்பரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்குகிற பலம், தெரியும். சுற்றச் சொல்வதற்கு முன்பே, கைப்பழக்கத்தில், விரலை வைத்துவிட்டார்.

யாரும் சுற்றவில்லை. காற்று விரலைத் தள்ளியது. பிறகு உள்ளே இழுத்தது. தள்ளியது. இழுத்தது.

பலகைக்கு அப்பால் விசில் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. குதிகால் பலகையில் உதைத்தது.

விரலை எடுத்தார். விசில் வந்தது.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இன்னொரு தடவை வைத்தார். அந்தப் பாவத்தை அவரேதான் செய்தார்.

"நாலாவதை மூடாதே," என்றார். "அப்படியே கெடக்கட்டும்."

"வண்டிக்காரர் இப்ப வந்துருவாரு மாமா. என்னன்னு சொல்றது? காத்தோட்டத்துக்குத் திறந்து வச்சிருக்கோம்னா?"

பின்னறைக்குப் போனார். அவள் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க... யாரோ நெஞ்சுல விரல வச்சு அடைச்சாங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கிரீஸ். வேட்டி மடிப்பில் அதை ஒளித்துக்கொண்டார்.

அப்போது கேட்டது. பிளக்கை முடுக்கும் பானா திரும்புகிற சத்தம். கடக். கடக். அவள் வாய் திறந்தது. விசில் வரவில்லை.

"முடுக்காதடா!"

ஓடினார். அதற்குள் சாவி திரும்பியிருந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா! நாலும் புதுசு மாட்டிட்டேன். மிஸ்ஸிங்கே இல்ல. பட்டு மாதிரி ஓடுது."

பானட்டுக்கு அடியில் ஒரு விசில். ஒரு கரகரப்பு. விசில். கரகரப்பு.

திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அசையவில்லை. கண் மட்டும் உயிரோடு அவரையே பார்த்தது.

டிங்கர் சாவிக்குக் கை நீட்டினான்.

"அணைக்காதே!"

"ஏன் மாமா? பெட்ரோல் முள்ளு அடியில கெடக்கு. தானாவே நின்னுரும்."

அவர் பானாவை எடுத்தார். ஓடுகிற இன்ஜினில் பிளக்கைக் கழற்ற முடியாது. அணைக்க வேண்டும். அவள் மூச்சு இப்போது ஓடுவது இதற்குள். அணைத்தால் எது அணையும்?



முள் சிவப்புக்கும் கீழே.

இன்ஜின் ஒருமுறை தடுக்கியது. கட்டிலில் அவள் கண் மூடித் திறந்தது.

மறுபடி தடுக்கியது.

அவள் வாய் மெல்லத் திறந்தது. உள்ளிருந்து, சத்தமே இல்லாமல், நீலப் புகை.