கட்டிலோரம் ஒரு அந்நியக் கட்டைவிரல்

அலறல் குளியலறையிலிருந்து வந்தது.

காலை மணி ஏழு பத்து. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கதவு உள்பக்கம் தாழ்.

"என்னங்க... என்னாச்சு?"

தண்ணீர் கொட்டும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ ஊதும் சத்தம். உஸ்... உஸ்...

"கதவைத் திறங்க. வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. ஷேவ் பண்றப்ப லேசா கீறிடுச்சு."

"ஷேவிங் செட்டு இங்க வாஷ்பேசின் மேல இருக்கே."

உள்ளே குழாய் நின்றது.

"அது... பழைய செட்டு."

அவள் கணக்கு டீச்சர். விடை தப்பு என்று தெரிந்தாலும் உடனே சொல்ல மாட்டாள். எந்த வரியில் தப்பு என்று முதலில் பார்ப்பாள்.

உள்ளே இருந்தவன் அவள் கணவன். போலீஸ் கைரேகைப் பிரிவில் நிபுணன். அலுவலகத்தில் அவனுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். பதினாலு வருஷ சர்வீஸில் எந்தப் பிணத்தைப் பார்த்தும் முகம் சுளித்ததில்லை.

இப்போது சுளித்துக்கொண்டிருந்தான்.

காரணம், கையில் இருந்த கிருமிநாசினி பாட்டில். அதை அவன் ஊற்றிய இடத்தை நான் சொல்ல மாட்டேன். ஆண் வாசகர்கள் இதற்குள் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதே இடம்தான்.

மூன்று வாரமாக இதே கூத்து. இருவரும் சேர்ந்திருந்த மறுநாள் அங்கே சிவக்கும். அரிக்கும். தோல் வறண்டு உரியும். முதல் தடவை உடம்புச் சூடு என்று விட்டுவிட்டான். இரண்டாவது தடவை வாசனை சோப்பு போட்டு ஒரு நாளைக்கு நாலு முறை தேய்த்தான். மூன்றாவது தடவை சந்தேகம் வந்தது.

இது தொத்து. நான் வெளியே எங்கும் போகவில்லை. அப்படியானால்...?

சாதாரணப் புருஷன் மனைவியிடம் கேட்டிருப்பான். இவன் நிபுணன் ஆயிற்றே! அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தான். கறுப்புப் பவுடர், பிரஷ், டேப். சொந்தப் படுக்கையறையில் ரேகை தேடினான்.

கட்டிலோரம் ஒரு சின்ன மேஜை. அதன் இழுப்பறையில்தான் 'அந்த'ப் பாக்கெட்டுகள் இருந்தன. பிடியில் மனைவியின் விரல்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டைவிரல்.

அவளுடையது இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த தன் ரேகை அட்டையோடு ஒப்பிட்டான். அவனுடையதும் இல்லை.

டேப்பில் எடுத்த ரேகையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டான் பூதக்கண்ணாடி.

* * *

"நல்லா பார்த்தியா?" வக்கீல் நண்பன் போனில் கேட்டான்.

"பதினாலு வருஷமா இதைத்தானே பார்க்கறேன்."

"ஆள் எப்படி இருப்பான்?"

"ஆம்பளை விரல். கோடெல்லாம் வெட்டு வெட்டா இருக்கு. மேஸ்திரியோ மெக்கானிக்கோ... கரடுமுரடான ஆளு. சுத்தபத்தம் கிடையாது."

"த்சு... பாவம்டா நீ. விவாகரத்து நோட்டீஸ் ரெடியா இருக்கு. பத்து மணிக்கு கூரியர்ல போயிடும். மத்தியானத்துக்குள்ள அவங்க கைக்குக் கிடைச்சிடும். அனுப்பவா?"

பூதக்கண்ணாடிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். சாயங்காலம் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அதை நினைத்ததும் கண் கலங்கியது.

"அனுப்பு," என்றான்.

"இன்னொண்ணு. கோர்ட்டுல கட்டைவிரல் மட்டும் போதாது. டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும். மனைவிகிட்டருந்து வந்த நோய்னு ஒரே ஒரு வரி."

"எழுதுவாங்களா?"

"கேட்டுப் பாரு. கேட்டா அடிக்கவா போறாங்க?"

* * *

தோல் டாக்டர் ஐம்பது தாண்டிய அம்மா. திரைக்குப் பின்னால் பரிசோதனை இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எதைப் போட்டுக் கழுவினீங்க?"

"சோப்பு. அப்புறம் கிருமிநாசினி."

"தண்ணி கலந்தா?"

"கலக்கல."

"தரை துடைக்கிறது ஏதும் ஊத்தலையே?"

"...யோசிச்சேன்."

"நல்ல வேளை, யோசனையோட நிறுத்தினீங்க. வேற?"

"மருந்துக் கடையில ஒரு ட்யூப். முதுகுல படர்தாமரைன்னு சொல்லி வாங்கினேன்."

"முதுகுக்கு வாங்கினதைப் போய் அங்க போட்டீங்களா? அந்தத் தோல் எவ்வளவு மெல்லிசு தெரியுமா?"

பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"டாக்டர், எனக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் வேணும். இது என் மனைவிகிட்டருந்து வந்ததுன்னு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அவங்களுக்கு அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கா?"

"கேக்கல."

"ஏன்?"

"விசாரணை நடக்கறப்ப சந்தேக நபர்கிட்ட எதையும் வெளியிடக் கூடாது."

"ஓஹோ... போலீஸா?"

"கைரேகை."

"கையைக் காட்டுங்க."

"பிரச்னை கையில இல்ல டாக்டர்."

"அதான் பார்த்தேனே. கையைக் காட்டுங்க."

காட்டினான். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். விரல் நுனிகள் சிவந்து, வெடித்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா. அந்தக் கறுப்புப் பவுடர் ஒத்துக்கல போல."

"அதை வெறுங்கையால தொடறீங்களா?"

"சேச்சே. கையுறை போட்டுத்தான். ரெண்டு மாசம் முன்னாடி புதுசா வந்துச்சு. நல்ல ரப்பர். நாள் முழுக்கப் போட்டிருப்பேன்."

"சரி. மூணு வாரம் முன்னாடி வீட்டுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலையே... அவளுக்கு மாத்திரை ஒத்துக்கல. ஒரே தலைவலி. நிறுத்திட்டா. அதனால நான்..."

"ஆணுறை."

"ஆமா."

"அதுவும் ரப்பர்தானே?"

பூதக்கண்ணாடி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க உடம்புக்கு ரப்பர் ஆகல," டாக்டர் சொன்னார். "கையில ஆரம்பிச்சு, அடுத்து பட்ட இடத்துலயும் கிளம்பியிருக்கு. அது பத்தாதுன்னு சோப்பு, லோஷன், கண்ட ட்யூப். அடிபட்டுக் கிடக்கறவனை எழுப்பி உட்கார வெச்சு மறுபடி அடிச்சிருக்கீங்க."

"அப்ப... தொத்து இல்லையா?"

"பார்த்தா அப்படித் தெரியல. ஆனா நான் உங்களை மாதிரி பார்த்த உடனே தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரத்தம், சர்க்கரை, அலர்ஜி டெஸ்ட் எல்லாம் எடுத்துடலாம். சர்க்கரை இருந்தாலும் அங்க பூஞ்சை வந்து தொல்லை பண்ணும். என் சந்தேகம் ரப்பர் மேலதான்."

"அது வரைக்கும் என்ன செய்யறது?"

"முதல்ல, செய்யறதையெல்லாம் நிறுத்துங்க. வெறும் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு நாளைக்கு ஒரு தடவை. தேய்க்காதீங்க, மெத்துனு ஒத்தி எடுங்க. நான் எழுதற க்ரீமை நான் சொன்ன நாளுக்கு மட்டும் போடுங்க. ஜட்டி பருத்தியில, தளர்வா. ஆறுற வரைக்கும்..."

"பிரம்மச்சரியம்."

"கெட்டிக்காரர்தான். அப்புறம் ரப்பர் இல்லாத உறை கடையில கிடைக்குது. படர்தாமரைக்குன்னு சொல்லாம வாங்குங்க. ஆபீஸ்லயும் கையுறையை மாத்தச் சொல்லுங்க. புண்ணு வந்தாலோ, முன்தோல் இறுகிப் பின்னால வராமப் போனாலோ அன்னிக்கே இங்க வரணும். உதடு வீங்கி மூச்சு வாங்கினா நேரா பெரிய ஆஸ்பத்திரி. விளையாடாதீங்க."

பூதக்கண்ணாடிக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி மேஜை இழுப்பறையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி டாக்டர். ஆனா கட்டிலோரம் வேற ஒருத்தன் கட்டைவிரல் இருக்கே?"

மேஸ்திரி ஊகம் வரை விஷயத்தைச் சொன்னான். டாக்டர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல விரல் வெச்சு வருகை பதியற மிஷின் இருக்கா?"

"இருக்கு. ஆனா ரெண்டு வாரமா ரிப்பேர்."

"யாருக்கு ரிப்பேர்?"

"எனக்குத்தான். என் விரலை எடுத்துக்கவே மாட்டேங்குது."

"மத்தவங்க விரலை?"

"எடுத்துக்குது..."

சொன்ன வாய் மூடவில்லை.

டாக்டரின் மேஜையில் ரப்பர் ஸ்டாம்பு மை இருந்தது. கேட்காமல் இழுத்தான். கட்டைவிரலை அமுக்கி, மருந்துச் சீட்டின் மேலேயே பதித்தான். செல்போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தான். லென்ஸை எடுத்தான்.

அதே வெட்டு. அதே வெடிப்பு. வலது ஓரத்தில் தோல் உரிந்த அதே பள்ளம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை, வீட்டுக்காரர் விரலை அன்றைக்கே புதிதாகப் பதிந்துகொள்வது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவனே நடத்தும் பாடம் அது. சொந்த வீட்டில் அதைச் செய்யவில்லை. தன் விரல்தானே என்று, வேலையில் சேர்ந்த வருஷம் எடுத்த அட்டையோடு ஒப்பிட்டிருந்தான். பதினாலு வருஷத்துக்கு முந்தைய, வெண்ணெய் மாதிரியான விரல்.

"மேஸ்திரி யாருன்னு தெரிஞ்சுதா?" டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டர்."

"சுத்தபத்தம் இல்லாத ஆளு. ஜாக்கிரதை."

* * *

"டேய், அனுப்பிடாதே!"

"பத்து மணிக்கே போயாச்சு. இப்ப பதினொண்ணே முக்கால்," என்றான் வக்கீல்.

பூதக்கண்ணாடி வண்டியை முறுக்கினான். இன்றைக்கு டீச்சருக்குப் பரீட்சை விடுமுறை. வீட்டில்தான் இருப்பாள். கவரைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. 'ஒழுக்கம் தவறிய' என்று முதல் பாராவிலேயே இருக்கிறது. அவனே சொல்லி எழுத வைத்த வார்த்தை.

இருசக்கர வண்டி. அந்த உடம்பு. ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்.

மூன்று மாடி. படி படியாகத் தாவினான்.

வாசலில் நரைத்த மீசையோடு கூரியர்காரர். டீச்சர் கையில் பழுப்புக் கவர். விரல் ஓரத்தைக் கிழிக்கப் போகிறது...

பிடுங்கினான். நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தான்.

"என் பேருக்கு வந்தது அது," என்றாள் டீச்சர்.

"தப்பா வந்தது."

"என் பேர் இருந்துச்சே. யார் அனுப்பினது?"

மூச்சு வாங்கியது. பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது, வாசலிலேயே, கூரியர்காரரை வைத்துக்கொண்டே. அரிப்பு. கையுறை. இழுப்பறை. கட்டைவிரல். நோட்டீஸ். ரப்பர்.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டேன். என்ன வேணா திட்டு. போயிடாதே."

"மூணு வாரமா... என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"பயமா இருந்துச்சு. நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் வெளுத்தது.

"எனக்கும் அதே பயம்தான்," என்றாள் மெதுவாக.

"உனக்கா? எதுக்கு?"

"ஹால்ல போய்ப் படுக்கறீங்க. பாத்ரூம்ல அலறறீங்க. ஷூவுக்குள்ள மருந்து ட்யூப். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அப்ப உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்துச்சு..."

"அதனால?"

அவள் பார்வை கூரியர்காரரின் பைக்குப் போனது.

கூரியர்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஸார்... இதே விலாசத்துக்கு இன்னொரு கவர் இருக்கு. வேற வக்கீல். உங்க பேருக்கு."

பூதக்கண்ணாடி கை நீட்டுவதற்குள் டீச்சர் பாய்ந்தாள். எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாக... கணக்கு டீச்சர் அல்லவா, அவனைவிட ஒரு மடங்கு அதிகமாகவே கிழித்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கூரியர்காரர் ரசீதுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. இனிமே ஏதாவது சொல்லணும்னா நேர்லயே சொல்லிக்குங்க. ஒரே கட்டில்ல படுக்கறவங்களுக்கு நடுவுல கடுதாசி கொண்டு வர, மூணு மாடி ஏற என் முட்டிக்குத் தெம்பில்ல."