பிள்ளைகள் எத்தனை?

“பிள்ளைகள் எத்தனை?” என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கேள்வி வந்தால் வீடு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

“ஒன்பது,” என்றார் வாப்பா மெதுவாக.

“ஒன்பதோ! இன்னும் ரெண்டு பேர் இருந்தா ஒரு கிரிக்கெட் டீமே அமைக்கலாம்!”

வாப்பா சிரித்தார். இந்தப் பகிடியை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். சொல்லுகிற ஒவ்வொருவரும் தாங்களே அதை முதலில் கண்டுபிடித்ததாக நினைப்பார்கள். அதனால் வாப்பாவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்.

“குறை நினைக்காதீங்க தம்பி. எங்கட கிணத்துத் தண்ணி உங்களுக்குக் காணாது,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் படலையைச் சாத்தினார்.

நஸ்ரின் இடுப்பில் இருந்த சின்னத்தம்பியை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்குப் பதினொரு வயது. ஆனால் அவளுடைய இடுப்பில் எப்போதும் யாராவது ஒரு குழந்தை இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா, மூன்று பிள்ளைகளோடு கூட வந்திருந்த உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் உங்கட பிள்ளைகளா?”

“ஓம். வீட்டிலயும் ஆறு பேர் இருக்கினம்,” என்றார் உம்மா.

“ஐயோ பாவம்! எப்பிடித்தான் சமாளிக்கிறீங்களோ!”

உம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் அசையாமல் நின்றது. முன்பெல்லாம் உம்மா இப்படிக் கேட்பவர்களுக்குச் சிரித்துப் பதில் சொல்லுவார். இப்போது சிரிக்கவும் அவருக்குக் களைப்பாக இருந்தது.

நஸ்ரினின் வாப்பா முனாஸ், வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். அவர்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கையில், வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுச் சொந்தக்காரரின் மகனுக்குக் கல்யாணம். வீடு அவருக்கு வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டும்.

கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் நஸ்ரினுக்குத் தெரியும். பெரியவர்கள் கதைத்ததை அவள் கேட்டிருந்தாள். பெரிய பையன்கள் தோப்பூரில் மாமா வீட்டுக்கு. பெரிய பெண்பிள்ளைகள் குச்சவெளியில் சாச்சி வீட்டுக்கு. சின்னவர்கள் மட்டும் உம்மாவோடும் வாப்பாவோடும் ஒரு அறையில்.

சில நாட்களில் நஸ்ரின் நினைப்பதுண்டு: நான் மட்டும் தனிப் பிள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும்? காலையில் மூன்று தலைகளுக்குப் பின்னல் போட வேண்டியதில்லை. தொலைந்த ஒற்றைச் செருப்பைத் தேட வேண்டியதில்லை. ஆனால் தோப்பூர், குச்சவெளி என்று கேட்டபோது அவள் சின்னத்தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வரும்போதே வாப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

“ஒரு வீடு கிடைச்சிருக்கு!” என்றார். “ஆஸ்பத்திரியில நர்ஸா வேலை செய்யிற மிஸ்ஸி ஒராள். கீர்த்தனி எண்டு பேர். முன்பக்கத்தில அவ இருக்கிறா. பின்பக்கம் எங்களுக்கு. மூண்டு அறை!”

“பிள்ளைகள் எத்தனை எண்டு கேக்கல்லயா?” என்று உம்மா கேட்டார்.

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“கேட்டா. நான் நாலு எண்டு சொல்லிட்டன்.”

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

“முதல்ல நாலு பேரோட போவம். மற்ற ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமா வரலாம். போன பிறகு அவ என்ன செய்யப் போறா?”

ஐந்து வயது அகீல் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

“வாப்பா, அந்த நாலு பேரில நான் இருக்கிறனா?”

வாப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அவருடைய தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. உம்மா குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் பின்னேரம் நஸ்ரின் கீர்த்தனி மிஸ்ஸியின் வீட்டைத் தேடிப் போனாள். தனியாகப் போகத்தான் நினைத்தாள். ஆனால் அகீல் பின்னாலேயே வந்துவிட்டான். அவனை விட்டுவிட்டு எங்கேயும் போக ஏலாது.

கதவைத் தட்டியதும் நெடுநேரம் கழித்து ஒரு பெண் வந்து திறந்தார். தலைமயிர் கலைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“யார் நீங்கள்?”

“நான் முனாஸின் மகள், மிஸ்ஸி. வாப்பாதான் வீடு கேட்டு வந்தவர். அவர் நாலு பிள்ளைகள் எண்டு சொன்னவர். ஆனா நாங்க ஒன்பது பேர்.”

“ஒன்பதா?”

“ஓம்.”

“இதைச் சொல்லத்தான் என்னை நித்திரையால எழுப்பினனீங்களா?”

நஸ்ரினுக்கு முகம் சூடாகியது. ஆனாலும் அவள் அசையவில்லை.

“நாலு பேர் எண்டு வந்தா, மற்ற அஞ்சு பேரும் ஒளிச்சிருக்க வேணும். யார் அந்த அஞ்சு பேர் எண்டு எங்களுக்குத் தெரியல்ல.”

கீர்த்தனி அவளையும் அகீலையும் மாறி மாறிப் பார்த்தார். கதவில் சாய்ந்துகொண்டார்.

“இஞ்ச பாருங்கோ பிள்ளை. எனக்கு இரவு வேலை. பகலிலதான் நித்திரை. முந்தி இருந்த ஆக்களுக்கு ரெண்டு பிள்ளைகள். ரெண்டே ரெண்டு! ஒரு நாளாவது நான் நிம்மதியாக் கண் மூடல்ல. ஒன்பது எண்டா என்னால ஏலாது.”

அவர் சொன்னது நியாயம் போலத்தான் இருந்தது. நஸ்ரின் யோசித்தாள்.

“மிஸ்ஸி, துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில எங்கட வீட்டுக்கு ஒருக்கா வந்து பாருங்க. எப்ப வாறீங்க எண்டு சொல்லாம வாங்க. பார்த்திட்டு ஏலாது எண்டு சொன்னா சரி.”

“சொல்லாம வந்தா பிஸ்கட் இருக்காது,” என்றான் அகீல்.

கீர்த்தனியின் உதட்டில் சிரிப்பு வருவது போல் இருந்தது. ஆனால் வரவில்லை. “பாப்பம்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரின் நடந்ததை அப்படியே சொன்னாள். வாப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கிடைச்ச வீட்டையும் விட்டிட்டியே மகள்!”

“அவள் செய்தது சரி,” என்றார் உம்மா. “ஒவ்வொரு நாளும் அஞ்சு பிள்ளைகளை அலுமாரிக்குள்ளயா பூட்டி வைக்கிறது? அந்த அலுமாரிக்குக் கதவும் இல்ல.”

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

மிஸ்ஸி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாட்கள் போயின. வாப்பா தோப்பூர் மாமாவுக்குப் போன் செய்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, கீர்த்தனி இரவு வேலை முடிந்து நேராக அந்த ஒழுங்கைக்கு வந்தார். முனாஸின் வீடு எது என்று கடைக்காரரிடம் கேட்டார்.

“அந்த ரயில்வே ஸ்டேசன் வீடா? கடைசி வீடு,” என்றார் அவர். “சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.”

கீர்த்தனி கடைசி வீடுவரை நடந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே படலையைத் திறந்தார்.

திறந்ததும் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்து, “ஸ்ஸ்” என்றாள்.

முற்றத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லாமல்! மூத்தவன் இக்ராம் பந்தை எறிந்தான். அகீல் மட்டையை வீசினான். பந்து படவில்லை, பின்னால் வைத்திருந்த வாளியில் போய் முட்டியது. வாளியைச் சுற்றி ஒரு பழைய துவாய் கட்டியிருந்ததால் அதுவும் சத்தம் போடவில்லை. உடனே எல்லாரும் வாயை மட்டும் பெரிதாகத் திறந்து “அவுட்!” என்றார்கள். அகீல் இல்லை என்று தலையை ஆட்டினான். இரட்டையராய்ப் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஓம் என்று தலையை ஆட்டினார்கள். கையாலும் கண்ணாலும் பெரிய சண்டை ஒன்று நடந்தது.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று படலைக்குள் தலையை நீட்டி, கொடியில் காய்ந்த சட்டையைக் கடித்தது. இரண்டு பிள்ளைகள் கையை மட்டும் வீசி அதை விரட்டினார்கள். மான்கூட மெதுவாகத்தான் போனது.

கீர்த்தனி வாயைப் பொத்திக்கொண்டார்.

நஸ்ரின் விறாந்தைக்கு ஓடிவந்தாள். “மிஸ்ஸி!” என்று கிசுகிசுத்தாள். “சின்னத்தம்பிக்கு இரவு முழுக்கக் காய்ச்சல். உம்மா இப்பதான் படுத்தவ.”

அறைக்குள் எட்டிப் பார்த்தார் கீர்த்தனி. பாயில் உம்மா படுத்திருந்தார். ஒரு கை குழந்தையின் மேல் இருந்தது. கீர்த்தனி குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப காய்ச்சல் இல்ல. விட்டிட்டுது,” என்றார் அவரும் கிசுகிசுப்பாக.

“இருங்க மிஸ்ஸி. பிளேன்டீ கொண்டு வாறன்.”

நஸ்ரின் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, கீர்த்தனியின் தலை கதிரையில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நல்ல நித்திரை.

நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகீல் உள்ளே போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து, கீர்த்தனியின் தலைக்கும் கதிரைக்கும் நடுவே மெதுவாகச் செருகினான். பிறகு விளையாட்டு தொடர்ந்தது.

முதலில் எழும்பியது உம்மாதான்.

“யார் இது?” என்று கேட்டார்.

“வீட்டுக்கார மிஸ்ஸி.”

“யா அல்லாஹ்! வீடு கிடக்கிற கிடையைப் பார்!”

உம்மா அவசரமாக நிலத்தில் கிடந்த உடுப்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு கீர்த்தனியின் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருமை. காலில் வெள்ளைச் சப்பாத்து அப்படியே இருந்தது. அந்தக் களைப்பு உம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. பொறுக்கிய உடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த மர வாங்கில் சும்மா உட்கார்ந்தார்.

குசினியில் இருந்து மீன் குழம்பு வாசம் வந்தபோதுதான் கீர்த்தனி கண்விழித்தார்.

“ஐயோ! நான் நித்திரையாப் போயிட்டனா?”

“நல்லாப் படுத்தீங்க,” என்றார் உம்மா.

“என்ர வீட்டிலகூட இப்பிடிப் படுக்கிறது இல்ல. நீங்கள் எப்பிடி இத்தனை பிள்ளைகளையும்...”

உம்மாவின் முகம் வாடியது. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

“...சத்தம் இல்லாம விளையாடப் பழக்கினனீங்கள்?” என்று முடித்தார் கீர்த்தனி.

உம்மா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“நான் பழக்கல்ல, மிஸ்ஸி. இந்த வீட்டில எப்பவும் ஒரு குழந்தை நித்திரையாத்தான் இருக்கும். இவங்க தாங்களாவே பழகிட்டாங்க.”

“உங்களுக்குக் களைப்பா இல்லையா?”

“களைப்புத்தான். இல்ல எண்டு சொன்னாப் பொய்.” உம்மா முற்றத்தைப் பார்த்தார். “ஆனா இதில யாரை வேண்டாம் எண்டு சொல்லுறது?”

அப்போது வாப்பா கையெல்லாம் எஞ்சின் எண்ணெயோடு வந்தார். கீர்த்தனியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மிஸ்ஸி, நான் அண்டைக்குச் சொன்னது...”

“பொய்,” என்றார் கீர்த்தனி. “ஆனா நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே கதவைச் சாத்தியிருப்பன். அதையும் நான் சொல்லத்தான் வேணும்.”

அவர் எழுந்து தலையணையை அகீலிடம் கொடுத்தார்.

“ஒன்பது பேரும் வாங்கோ. கிணத்தில தண்ணி இருக்கு. நான் பகலில படுக்கேக்க இப்பிடித்தான் விளையாட வேணும். நான் வேலைக்குப் போன பிறகு எவ்வளவு வேணுமெண்டாலும் கத்துங்கோ. சரியா?”

ஒன்பது பேரில் கதைக்கத் தெரிந்த எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை.

“இப்ப கத்தலாம்!” என்றார் கீர்த்தனி சிரித்துக்கொண்டு.

கடைக்காரர் கடைக்குள் இருந்து வெளியே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் எழுந்தது. சின்னத்தம்பியும் எழும்பி அழுதான்.

விடுமுறை முடிவதற்கு முன், ஒரு லொறியில் அவர்கள் புது வீட்டுக்கு வந்தார்கள். பாய்களுக்கும் சட்டி பானைகளுக்கும் நடுவில் இருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் விரல் விட்டு எண்ணினார்.

“கீர்த்தனி, இதென்ன, முடியவே இல்லையே!”

“எண்ணி முடிஞ்சா வாங்கோ,” என்றார் கீர்த்தனி. “இந்தப் பானையை இறக்க ஒரு கை வேணும்.”

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நொடி யோசித்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு சுற்றி வந்தார்.

நஸ்ரின் கடைசியாக இறங்கினாள். இடுப்பில் சின்னத்தம்பி, கையில் ஒரு பை, தோளில் இன்னொரு பை. கீர்த்தனி வந்து பைகளை வாங்கி இக்ராமிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிச் சின்னத்தம்பியையும் வாங்கிக்கொண்டார்.

“நீங்கள் கொஞ்சம் இருங்கோ பிள்ளை.”

நஸ்ரின் படியில் உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள். துறைமுகப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது. யாரோ ஒரு தங்கை உள்ளேயிருந்து, “ராத்தா, என்ட மற்றச் செருப்பு எங்க?” என்று கேட்டாள்.

“தேடிப் பார்!” என்று சொல்லிவிட்டு, அவள் அப்படியே இருந்தாள்.