லாசரஸுக்கு ஒரு பாட்டு

மாலை ஆறு மணியானால் கடையை அடைத்துவிட்டு ஜங்ஷன் ஊரே ஆடப் போகும். ஆசையில் இல்லை, ஆடினால்தான் இரவுக்கு மின்சாரம். ஊர் என்று சொல்லிக்கொள்ள இப்போது இருபது சொச்சம் பேர்தான்.

ரயில்வேக்காரர்கள் கட்டிய அந்த நடனக்கூடத்தில் ஒருகாலத்தில் கிறிஸ்துமஸ் இரவுக்கு இடம் கிடைக்கச் சிபாரிசு வேண்டும். சின்ன ஊர்களுக்கு வரும் மின்கம்பியை அறுத்துவிட்ட ஆண்டில் தேக்குத் தரையைப் பெயர்த்து மிதிமின் தளம் போட்டார்கள். காலடி விழுந்தால் மின்சாரம். அடேயப்பா, அப்போது என்ன கூட்டம்! வால்ட்ஸ் ஆடுகிறவர்களும் டப்பாங்குத்துக்காரர்களும் தோளுரசி ஆடினார்கள். பிறகு சூரியத்தகடு உள்ள நகரங்களுக்கு இளசுகள் கழன்றுகொள்ள, முட்டி தேய்ந்தவர்களே மிச்சம்.

டெரிக் ஆடியது மனைவி ஐவிக்காக. வீட்டில் படுத்திருந்த அவளுடைய மூச்சுப்பொறி இந்தக் கூடத்து மின்சாரத்தில்தான் ஓடியது.

ஒருநாள் டிரம்ஸ் வாசிக்கும் லாசரஸ் இறந்துபோனார். கூடத்தில் ஒரு வழக்கம்: இறந்தவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று ஒலிக்கும், அது முடியும்வரை யாரும் தளத்தில் கால் வைக்கமாட்டார்கள். அன்று மாலையும் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சேமக்கலத்தின் முள் சிவப்பைத் தொட்டதை டெரிக் பார்த்தார். செத்தவனுக்காக ஒரு பாட்டுகூடப் பொறுக்கமாட்டானா என்று பேசுவார்களே என வாயை மூடிக்கொண்டார். பாழாய்ப்போன மரியாதை. லாசரஸுக்குப் பிடித்ததோ நீளமான பாட்டு.

பாதியில் விளக்கு அணைந்தது. இருட்டில் எல்லோரும் தளத்தில் குதித்து மிதித்து மின்சாரத்தை மீட்டார்கள். டெரிக் வீட்டுக்கு ஓடினார். மூச்சுப்பொறி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஐவிதான் இல்லை.

மறுநாள் அவளைப் புதைத்துவிட்டு, மண் காலோடு கூடத்துக்கு வந்தார்கள். பாட்டுப் போடும் பத்மாவதி, ஐவிக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். டெரிக் சொன்னார். பாட்டு ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். முள் இன்றும் அடியில்தான் கிடந்தது. இதே மின்சாரத்தை நம்பியிருந்த ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்கு அம்மா வீடு வந்த ஷகிலாவின் குறைமாதக் குழந்தை சூட்டுப்பெட்டியில் இருந்தது.

"யாரும் நிக்காதீங்க. வந்து ஆடுங்க," என்றார் டெரிக்.

"இது ஐவியக்கா பாட்டுண்ணே," என்றாள் பத்மாவதி.

"தெரியும்மா. கொழந்த பொட்டியில இருக்கு."

அவள் கையைப் பிடித்துத் தளத்துக்கு இழுத்தார். மற்றவர்களும் தயங்கித் தயங்கி வந்தார்கள். பத்மாவதி அழுதுகொண்டே ஆடினாள். கால் தரையில் பட்டும் படாமலும் நகர்ந்தது.

"அழுத்தி மிதிம்மா," என்றார் டெரிக்.