தித்திப்பு மண்

கிரிக்கெட் பிட்ச்சைப் பராமரிக்கும் பிட்ச்காரர் காலை ஆறரைக்கே மைதானத்துக்கு வந்துவிட்டார். அவரும் ரோலர் ஓட்டும் அவர் மைத்துனனும் பிட்ச்சை மூடியிருந்த தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகத் தூக்கியதும் குப்பென்று அடித்தது நாற்றம். மூடி வைத்து மறந்துபோன பாத்திரத்தில் இறைச்சி நாறுமே, அதே நாற்றம். மைத்துனன் வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

பத்து மணிக்கு மேட்ச். புது கேலரி கட்டிய பிறகு நடக்கும் முதல் மேட்ச். முதல் ஓவர் வீசப்போவது பிட்ச்காரரின் ஒரே மகள். நகர அணியில் இடம் பிடிக்க நாலு வருஷம் நாயாய் உழைத்திருந்தாள். பிட்ச் சரியில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் ரத்து.

நாற்றத்துக்குக் காரணம் வேறு யாருமல்ல, அவரேதான். களிமண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். கரகரத்தால் மணல் அதிகம். பல்லில் ஒட்டினால் நல்ல களி. கேலரிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆறடிக்குக் கீழே வழவழவென்று கறுப்பு மண் வந்தது. நாக்கில் வைத்தார். தித்தித்தது. மூன்று லாரி மண்ணைப் பிட்ச்சில் கொட்டச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அவருக்குச் சப்பென்று இருந்தது.

மைத்துனன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, சுவர்ல மைதானத்தோட வரலாறுன்னு பெருசா எழுதியிருக்காங்களே, மர கேலரி, சிமெண்ட் கேலரின்னு? அதுக்கு முந்தி இங்க என்ன இருந்துச்சுன்னு ஏன் எழுதலை தெரியுமா? நேத்து ஆபீஸ்ல பழைய வரைபடம் பார்த்தேன். காய்ச்சல் முகாம். செத்தவங்களைக் குழி குழியா போட்டு மூடியிருக்காங்க. நாம தோண்டுன அதே இடத்துல."

பிட்ச்காரர் புறங்கையால் நாக்கை அழுத்தித் துடைத்தார்.

"கண்டதையும் உளறாதடா. ரோலரை எடு."

ரோலர் போய் வந்தது. மண் இறுகவில்லை, பிசுபிசுவென்று எண்ணெய் கசிந்தது. ரோலரில் ஏதோ ஒட்டியிருந்தது. புல்வேர் என்று நினைத்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. நரைமுடி. சீ என்று உதறினார். விரலை விட்டுப் போகவில்லை.

ஈரம் பார்க்கக் கட்டைவிரலைப் பிட்ச்சில் அழுத்தினார்.

உள்ளே வெதுவெதுப்பு.

ஏதோ ஒன்று அந்த விரலை மெதுவாகச் சப்பியது.

வெடுக்கென்று உருவினார். நகத்திலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது.

"வேண்டாம் மாமா, மேட்ச்சை நிறுத்தச் சொல்லிடுங்க."

"நாலு வருஷம்டா... இன்னிக்கு அவளோட நாள்." விரலைப் புல்லில் தேய்த்தார். "ரெண்டு வாளி பினாயில் கொண்டா."

தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்து பார்த்த நடுவரிடம், "பிட்ச் பிரமாதம் சார்" என்றார்.

மகள் முதல் பந்தை நன்றாகவே வீசினாள். பந்து கறுப்பு ஈரத்தோடு அவள் கைக்குத் திரும்பியது. பந்தில் எச்சில் தடவக்கூடாது என்று விதி இருக்கிறது. பழக்க தோஷம், விரலை நாக்கில் வைத்துவிட்டாள்.

அப்படியே நின்றாள்.

மறுபடி வைத்தாள். பிறகு பிட்ச்சில் மண்டியிட்டு, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நடுவர் அதட்டினார். அவள் காதில் விழவில்லை.

பிட்ச்காரர் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தடித்து ஓடினார். மகள் நிமிர்ந்தாள். பல்லெல்லாம் கறுப்பு.

"இவ்வளவு தித்திப்பா இருக்கேப்பா. எங்கிட்ட ஏன் சொல்லலை?"

கையில் மிச்சமிருந்ததை அவரிடம் நீட்டினாள். அதிலும் ஒரு நரைமுடி நெளிந்தது.

துப்பிடு என்று கத்தத்தான் வாயைத் திறந்தார். எச்சில்தான் ஊறி வழிந்தது.